ரத்தக்கொதிப்பு: தலையெழுத்தா? தராசா?

நமது மக்களுக்கு ஒரு வியாதி வந்தால் அதற்குக் காரணம் என்னவென்று கேட்கும் வழக்கம் இன்னும் சரியானபடி ஏற்படவில்லை. யார் கண் பட்டது, எந்தக் கிரகம் பார்த்தது, எந்தச் சாமிக்கு எந்த நேர்த்தி பாக்கி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அம்மைக்கும் இப்படித்தான் கேட்டார்கள். கூழ் ஊற்றினார்கள், வேப்பிலை கட்டினார்கள், தீ மிதித்தார்கள். அம்மை போகவில்லை. அம்மை குத்தும் ஊசி ஊர் ஊராய், வீடு வீடாய்ப் போன பிறகுதான் போயிற்று. 1975ஆம் வருஷத்திற்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவருக்கும் பெரியம்மை கண்டதில்லை. ஆனால் அந்தப் பாடத்தைப் படித்த நாமே, அடுத்த வியாதி வேறு வேஷத்தில் வந்தவுடன் பழைய கேள்விகளையே திரும்பக் கேட்கிறோம். அப்படி வந்திருப்பதுதான் ரத்தக்கொதிப்பு என்று ஜனங்களும், ரத்த அழுத்தம் என்று வைத்தியர்களும் சொல்லும் வியாதி.

இந்த வியாதிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரியதும், கண்ணுக்கு நேரே இருப்பதும், அப்படியிருந்தும் எவரும் பார்க்காமலிருப்பதுமான ஒரு காரணத்தைப் பற்றி மாத்திரமே இங்கு எழுதுகிறோம். அதாவது வருஷா வருஷம் கொஞ்சங்கொஞ்சமாய் ஏறிக்கொண்டே போகும் நம்முடைய உடலின் எடை.

போடிநாயக்கனூரை உதாரணமாய் எடுத்துக் கொள்ளுவோம். அது எடை போட்டே பிழைக்கும் ஊர். ஏலமலையில் விளைகிற ஏலக்காய்க்குப் பெரிய சந்தைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. வாசனைப் பொருள் வாரியத்தாரின் ஏலம் இப்பொழுது கம்ப்யூட்டர் மூலம் அங்கு நடக்கிறது. ஏலத்திற்கு வரும் காயின் பருமனை மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கிறார்கள். ஒரு லிட்டர் படியில் கொள்ளும் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்த்து விலை சொல்லுகிறார்கள். பச்சைக் காய் ஐந்து கிலோ உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும் என்பது தோட்டக்காரருக்கு மனப்பாடம். நூறு கிராம் குறைந்தாலும் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இவ்வளவு எடைக்கணக்கு தெரிந்த ஊரில், "உமக்கு இருபது வயதில் என்ன எடை, இன்று என்ன எடை?" என்று ஒரு வியாபாரியையோ, குமாஸ்தாவையோ, தொழிலாளியையோ கேட்டுப் பாருங்கள். நூற்றுக்கு எத்தனை பேர் பதில் சொல்லுவார்கள்? காய்க்கு இருக்கிற யோக்கியதை காயை விளைவிக்கிற மனிதனுக்கு இல்லை என்பதுதானே இதற்கு அர்த்தம்?

இது போடிக்கு மாத்திரம் சொல்லுவதல்ல. மதுரையானாலும் சென்னையானாலும் நிலைமை ஒன்றுதான். எடைக்கே பேர்போன ஊரில் கூட இந்தக் கதியென்றால் மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்பதற்காகவே அதை எடுத்துச் சொன்னோம்.

எடை எப்படி ஏறுகிறது என்பதைப் பார்ப்போம். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஜீப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஆனால் மெட்டுக்குப் போய் இறங்கிக் குளிரில் நடுங்கிக்கொண்டு கீழே பார்த்தால், ஏறக்குறைய மூவாயிரம் அடி ஏறி வந்து விட்டது தெரியும். உடலும் அப்படியே. வருஷத்திற்கு ஒரு கிலோ கூடுகிறது. ஒரு கிலோ என்ன செய்துவிடும்? வேஷ்டியை சற்று நெகிழ்த்திக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. ரவிக்கையில் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. கலியாணத்தின்போது 55 கிலோ இருந்தவர், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யும்போது 75 கிலோவாய் நிற்கிறார். எந்த நாளில் ஏறியது என்று அவருக்கும் தெரியாது, அவர் வீட்டாருக்கும் தெரியாது. மெள்ள வருகிற கேட்டைக் கேடென்று அறியாமலிருப்பது மனித சுபாவம். தராசு இல்லாவிட்டால் இந்தக் கேட்டை அறியவே முடியாது.

இந்த இருபது கிலோ சும்மா வந்து உட்கார்ந்து கொள்ளுகிறதா என்றால், அதுதான் இல்லை. அமெரிக்கா தேசத்தில் 1976ஆம் வருஷம் முதற்கொண்டு ஆஸ்பத்திரித் தாதிமார்கள் பெருந்தொகையினரை வருஷக்கணக்கில் தொடர்ந்து விசாரித்து வருகிறார்கள். அவர்களில் 82,473 பேர்களைப் பற்றிய கணக்கு 1998இல் வெளியாயிற்று. ஒவ்வொருவரும் 18 வயதில் என்ன எடை இருந்தார், பிறகு எவ்வளவு கூடினார் அல்லது குறைந்தார், அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்ததா என்று பார்த்தார்கள். எடை ஏறக்குறைய மாறாமலிருந்தவர்களோடு ஒத்துப் பார்த்ததில், 5 முதல் 10 கிலோ வரை கூடியவர்களுக்கு இவ்வியாதி வரும் வாய்ப்பு ஒன்றேமுக்கால் மடங்காயிருந்தது. 25 கிலோவும் அதற்கு மேலும் கூடியவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேலிருந்தது. இதற்கு நேர்மாறாக, 5 முதல் 10 கிலோ வரை குறைந்தவர்களுக்கு நூற்றுக்கு 15 பங்கும், 10 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களுக்கு 26 பங்கும் வாய்ப்புக் குறைந்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பெருத்த சரீரம் படைத்தவர்களுக்குத்தான் ஆபத்து என்பதல்ல. ஐந்து கிலோ என்பது ஊரில் யாரும் "குண்டு" என்று சொல்லாத அளவு. "கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது, நன்றாயிருக்கிறீர்" என்று பாராட்டுகிற அளவு. அந்தப் பாராட்டிலேயே ஆபத்து ஆரம்பமாகி விடுகிறது.

இதை அந்த நாடு கற்றுக்கொண்ட விதமும் தெரிந்துகொள்ள வேண்டியதாகும். அமெரிக்காவின் தலைவராயிருந்த ரூஸ்வெல்ட் 1945ஆம் வருஷம் ஏப்ரல் 12ந் தேதி மூளையில் ரத்தம் கசிந்து மாண்டார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300க்கு 190 என்று வைத்தியர் குறித்திருக்கிறார். 140க்கு 90க்கு மேல் போனாலே வியாதி என்பது இன்றைய கணக்கு. உலகத்தையே ஆட்டிவைத்த மனிதனுக்கு அன்று சரியான மருந்தொன்றும் இல்லை. வயது ஏறினால் அழுத்தமும் ஏறத்தான் செய்யும் என்று அக்காலத்து வைத்தியர்களில் பலரே நினைத்திருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1948இல், மாசசூசெட்ஸ் மாகாணத்து பிரேமிங்காம் என்ற ஊரில் 5,209 ஆண் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, யாருக்கு இருதய வியாதி வருகிறது, ஏன் வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த விசாரணை பேரன் பேத்திகள் வரைக்கும் நீண்டிருக்கிறது. எடை கூடக் கூட அழுத்தமும் கூடுகிறது என்பதை அது நன்றாய்க் காட்டியது. அதே ஊர்க் கணக்கைக் கொண்டு 2005இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், அதிக எடையுள்ளவர்களில் 6.8 கிலோவோ அதற்கு மேலோ குறைத்துக்கொண்டவர்களில், நடுவயதினருக்கு நூற்றுக்கு 28 பங்கும், அவர்களைவிட மூத்தவர்களுக்கு 37 பங்கும் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்புக் குறைந்ததாகக் கண்டார்கள். தாங்கள் பெரிதும் மதித்த ஒருவர் செத்தார் என்று அவர்கள் அழுதார்கள் என்பது உண்மை. ஆனால் அழுததோடு நிற்காமல் ஒரு ஊரையே எண்ணிப் பார்க்க உட்கார்ந்தார்கள். நாமோ நம்மவர் செத்தால் பதினாறாம் நாள் கருமாதிக்கு எத்தனை பேருக்கு இலை போடுவது என்று மாத்திரம் எண்ணுகிறோம்.

நிற்க, எடைக்கும் ரத்தத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கொழுப்பென்பது மூலையில் போட்டு வைத்த மூட்டையைப் போல் சும்மா கிடப்பதல்ல. அதுவும் உயிருள்ள சதை. அதற்கும் ரத்தம் போக வேண்டும். எனவே உடலில் ஓடும் ரத்தத்தின் அளவே கூடுகிறது. இருதயம் முன்னைவிட அதிகமாய் வேலை செய்ய வேண்டியதாகிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு மூத்திரக் காய்களை நெருக்குகிறது. அவை உப்பை வெளியே தள்ளாமல் பிடித்து வைத்துக் கொள்ளுகின்றன. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும், அழுத்தம் ஏறும். அன்றியும் கொழுப்பிலிருந்து ஊறும் சில சத்துக்கள் நரம்புகளைத் தூண்டி ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. கழுத்தில் சதை வைத்தவர்கள் இரவில் பலமாய்க் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வாங்குவதும் அழுத்தத்தை ஏற்றுகிறது. இதில் சனீஸ்வரனுக்கும் இடமில்லை, கண்திருஷ்டிக்கும் இடமில்லை. குழாயில் தண்ணீரை அதிகமாய் விட்டுக் குழாயையும் இறுக்கினால் என்ன ஆகுமென்று பம்பு செட்டு வைத்திருக்கிற குடியானவனுக்குத் தெரியும்.

"ரத்தக்கொதிப்பு" என்கிற பேரே ஜனங்களை ஏமாற்றுகிறது. பேரைக் கேட்டவுடன் கோபக்காரனுக்குத்தான் அது வரும், வந்தால் உடல் கொதிக்கும், தலை சுற்றும், கண் சிவக்கும் என்று நினைத்துக் கொள்ளுகிறார்கள். "எனக்குத் தலைவலியே கிடையாது, எனக்கென்ன கொதிப்பு?" என்று சொல்லித் திரிகிறார்கள். இந்த வியாதிக்குப் பெரும்பாலும் ஒரு அடையாளமும் கிடையாது. சாந்த சுபாவமுள்ளவருக்கும் வரும். வலிக்காது, எரியாது, காய்ச்சல் காயாது. பல வருஷம் உள்ளேயே இருந்து இருதயத்தையும் மூத்திரக் காய்களையும் கண்ணையும் அரித்துவிட்டு, ஒரு நாள் விடியற்காலையில் ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்து வாய் கோணிய பிறகுதான் வெளியே தெரியும். அப்பொழுது "பாரிசவாயு அடித்தது" என்கிறோம். யாரோ வந்து அடித்தது போல! இருபது வருஷமாய் நாமே சேர்த்து வைத்ததுதான் அன்றைக்கு அடிக்கிறது.

இந்த இடத்தில்தான் ஜோசியனும் மந்திரவாதியும் கடை விரிக்கிறார்கள். செவ்வாய்க் கிரகந்தான் ரத்தத்துக்கு அதிபதியாம். அது கெட்டிருந்தால் ரத்தம் கெடுமாம். அதற்குச் செவ்வாய்க்கிழமை விளக்கேற்ற வேண்டுமாம். சிவப்புத் துணியும் துவரையும் தானம் கொடுக்க வேண்டுமாம். ருத்திராட்சம் கட்டினால் அழுத்தம் இறங்குமென்றும், செம்புக் காப்புப் போட்டால் இறங்குமென்றும் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். காப்புப் போடுவதற்கு முன் ஒரு தரமும், போட்டு ஒரு மாதம் கழித்து ஒரு தரமும் அழுத்தக் கருவியை வைத்துக் காட்டுவதற்கு இவர்களில் யாராவது தயாரா? ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரனைப் பாருங்கள். அவனுக்குப் பணம் முக்கியம். மனிதன் சீக்கிரம் செத்தால் அவனுக்கு நஷ்டம். அப்படிப்பட்டவன் பாலிசி கொடுக்குமுன் ஜாதகத்தைக் கேட்கிறானா? தராசில் ஏறி நிற்கச் சொல்லுகிறான், கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கிறான். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கணக்கர்கள் ஏறக்குறைய 50 லட்சம் பாலிசிகளைச் சேர்த்துப் பார்த்து 1959இல் வெளியிட்ட பெரிய கணக்குக்குப் பேரே "உடற்கட்டும் ரத்த அழுத்தமும்" என்பதுதான். கிரகத்தை நம்பிப் பணம் போட்டால் திவாலாகிவிடுவோம் என்பது அவனுக்குத் தெரியும். நமக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரத்தத்திற்கு இவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று முதன் முதல் அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். மதத் தொழிலிலேயே இருந்த அவர், அதை அறிய ஜெபம் செய்யவில்லை. ஒரு குதிரையின் ரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றதை அளந்தார். 1733இல் அதை அச்சிட்டு வெளியிட்டார். பிறகு 1896இல் இத்தாலியரான ரீவா ரோச்சி கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியைச் செய்தார். 1905இல் ருஷியரான கொரட்கோவ் குழல் வைத்துச் சத்தம் கேட்டு அளக்கும் முறையைக் கண்டார். ஒரு பாதிரியாருக்கே அளவுகோல் வேண்டியிருந்ததென்றால், நம்மூர்ப் பூசாரியின் விபூதியை நம்பி உட்கார்ந்திருப்பது எவ்வளவு பரிதாபம்!

"வயதானால் எல்லாருக்கும் வருகிறதுதானே, இதற்கென்ன செய்வது?" என்பது அடுத்த சமாதானம். இது தலையெழுத்துக்குச் சட்டை போட்டு அழைத்து வருவதைத் தவிர வேறில்லை. 32 தேசங்களில் 52 இடங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 1988இல் வெளியிட்ட கணக்கில், பிரேசில் காட்டில் வாழும் யானொமாமி என்ற ஜனங்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் ஆகாரத்தில் உப்புச் சேர்ப்பதில்லை, உடலிலும் பருமன் வைப்பதில்லை, உழைத்துக் கொண்டேயிருப்பார்கள். அவர்களில் வயது ஏறியவர்களுக்கு அழுத்தம் ஏறவில்லை. அவர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் வயது ஆகத்தான் செய்கிறது. ஆகவே நாம் வயதின் தலையில் சுமத்துகிற பழியில் பெரும்பகுதி நம்முடைய உப்புக்கும் எடைக்கும் சேர வேண்டியதாகும்.

இவையெல்லாம் இருந்தும் நம்மவர் எடையை ஏன் பார்ப்பதில்லை? நமது நாட்டில் எடைக்கு மரியாதை இருப்பதால்தான். தொந்தியைச் சாமிக்கே வைத்துக் கும்பிடுகிற நாடல்லவா இது? கடை முதலாளி திண்டில் சாய்ந்திருக்க வேண்டும். அவனுக்கு வயிறு முன்னே வர வேண்டும். நடந்து போனால் கௌரவக் குறைச்சல். உடலால் உழைப்பது கீழ்ஜாதிக்காரன் வேலை, உட்கார்ந்து தின்பது மேல்ஜாதிக்காரன் லட்சணம் என்று மனு தர்மக்காரர்கள் போட்டு வைத்த சட்டம் சாப்பாட்டிலும் உடம்பிலும் கூடப் புகுந்திருக்கிறது. சிறிது பணம் சேர்ந்தவுடன் நம்மவரும் அந்த லட்சணத்தையே காப்பியடிக்கிறார்கள். ஜாதி ஒழிய வேண்டும் என்று பேசுகிற தோழர்கள் கூட, தண்ணீர்க் குடத்தைத் தாங்களே தூக்கினால் மானம் போய்விடும் என்று நினைப்பது எவ்வளவு விபரீதம்! உழைப்பை இழிவாக நினைத்தவர்களுக்கு உடம்பு கொடுக்கிற தண்டனைகளில் ரத்தக்கொதிப்பும் ஒன்று.

இது ஆண்கள் சங்கதி. பெண்கள் சங்கதி வேறு. பெண் மெலிந்திருந்தால் மாமியார் வீட்டில் சோறு போடவில்லை என்று ஊர் பேசும். பிள்ளை பெற்றால் மாதக்கணக்கில் படுக்க வைத்து நெய்யும் சோறுமாய் ஊட்டுவார்கள். அதற்குப் பிறகு அவள் உடம்பு என்ன ஆனதென்று ஒருவரும் கேட்பதில்லை. எல்லாரும் தின்ற பிறகு மிச்சத்தை வீணாக்காமல் தின்பதே அவளுடைய தர்மம். மாலையில் அவள் கையை வீசிக்கொண்டு தனியே நாலு தெரு நடந்து வந்தால் "எங்கே போய் வருகிறாள்?" என்று நாலு பேர் கேட்பார்கள். ஒரு பொழுதும், சஷ்டியும், வெள்ளிக்கிழமை விரதமும் இருக்கிறாளே என்றால், பகலெல்லாம் பட்டினி கிடந்து ராத்திரி பலகாரமாய்த் தின்கிற விரதம் சாமிக்கு வேண்டுமானால் திருப்தியாயிருக்கலாம், தராசுக்குத் திருப்தியாகாது.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். அதற்கு முந்திய கணக்கில் பெண்களில் 31 பேராகவும் ஆண்களில் 28 பேராகவும் இருந்தார்கள். அதே கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேருக்கும், ஆண்களில் 30 பேருக்கும் ரத்தக்கொதிப்பு இருந்தது. இரண்டும் சேர்ந்து ஏறுகிறது என்பதை அறிய ஒரு பட்டமும் வேண்டியதில்லை. இன்னும் கேளுங்கள். 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த மற்றொரு கணக்கில், இவ்வியாதி உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான்!

"இதெல்லாம் பணக்காரன் வியாதி" என்று ஏழைத் தோழர்கள் அலட்சியமாயிருக்கக் கூடாது. போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆணும் பெண்ணுமாய் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள். களை எடுப்பவளும் காய் பறிப்பவளும் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து சரிவில் ஏறி இறங்குகிறாள். அவளுக்கு எடை ஏறாதிருக்கலாம். ஆனால் தூக்குவாளியில் இருப்பது நிறையச் சோறும், ஊறுகாயும் கருவாடும்தான் என்றால் உப்பு அவளைச் சும்மா விடாது. மறுபுறம், கீழே கடைகளில் தரையில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை காய் தரம் பிரிக்கிறவளுக்கு நடையே கிடையாது. காய்கறியும் பருப்பும் விலை ஏறி, அரிசி மட்டும் மலிவாய்க் கிடைத்தால், வயிறு நிறைவது சோற்றினாலேதான். இதனால் ஏறும் எடை சொகுசினால் ஏறியதல்ல, வறுமையினால் ஏறியது. முதலாளி படுத்தால் மதுரைக்குக் கார் போகும். கூலிக்காரி ஒரு பக்கம் விழுந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் அடுப்பே அணைந்துபோகும்.

இவ்விஷயத்தில் சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2021ஆம் வருஷம் ஆகஸ்டு 5ந் தேதி ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டப்படி வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். இது பாராட்ட வேண்டிய காரியமே. ஆனால் விடியுமுன் மலையேறி இருட்டிய பின் இறங்குகிறவளின் வீட்டுக்குப் பகலில் வருகிறவர் யாரைத் தேடிக் கண்டுபிடிப்பார்? மக்களைத் தேடுவதென்றால் மக்கள் இருக்கிற இடத்தில் தேட வேண்டும். அவர்கள் ஜீப் நிற்கும் இடத்தில் இருக்கிறார்கள். தோட்டத்து ஸ்டோரில் இருக்கிறார்கள். காய் தரம் பிரிக்கும் கடையில் இருக்கிறார்கள்.

நமது கருத்துக்குச் சிலர் ஆட்சேபணை சொல்லலாம். ஒல்லியானவர்களுக்கும் கொதிப்பு வருகிறதே என்பார்கள். வாஸ்தவம். தாய் தகப்பன் வழி, உப்பு, மது, புகையிலை, உறக்கக் குறைவு, மூத்திரக் காய் வியாதி இவைகளாலும் வரும். எடை ஒன்றுதான் காரணமென்று நாமும் சொல்லவில்லை. மற்றவைகளில் சில நம் கையில் இல்லை; இது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது என்பதால்தான் இதைப் பற்றி எழுதுகிறோம். இரண்டாவது, பருத்தவர்களைப் பார்த்துப் பரிகாசம் செய்ய இதை ஒரு சாக்காகக் கொள்ளக் கூடாது. மனிதனை அவன் உடம்பைக் கொண்டு இழிவு செய்வதும், பிறப்பைக் கொண்டு இழிவு செய்வதும் ஒரே கெட்ட புத்திதான். பரிகாசத்தினால் ஒருவருக்கும் எடை குறைந்ததில்லை; தராசின் பக்கம் வருவதற்கே கூச்சப்படும்படி ஆனதுதான் மிச்சம். மூன்றாவது, எடையைக் குறைக்கிறேன் என்று வைத்தியர் கொடுத்த மாத்திரையை யாரும் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. அழுத்தம் இறங்கினால் மாத்திரையைக் குறைப்பது வைத்தியரின் வேலை.

ஏறியதை இறக்க முடியுமா என்றால், முடியும். போடிமெட்டில் ஏறின அதே பாதைதான் இறங்குவதற்கும் இருக்கிறது. 25 பரீட்சைகளைச் சேர்த்துப் பார்த்து 2003இல் வெளியான கணக்கின்படி, ஒரு கிலோ எடை குறைந்தால் அழுத்தமும் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்குகிறது. ஐந்து கிலோ குறைந்தால் ஐந்து புள்ளி. அற்புதமென்று இதை யாரும் விளம்பரம் செய்யமாட்டார்கள். ஆனால் செவ்வாய்க்கு ஏற்றிய எந்த விளக்கும் இந்த ஒரு புள்ளியை இறக்கியதாகக் கணக்கில்லை. ஒரு மாதத்தில் பத்து கிலோ குறைப்பதாகச் சொல்லிப் பொடியும் லேகியமும் விற்கிறவர்களையும் ஜோசியனோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டியதுதான். ஏறியது மெள்ள, இறங்குவதும் மெள்ளத்தான்.

ஆகவே நாம் சொல்லும் யோசனைகள் மிகவும் சாதாரணமானவைகளே:

முதலாவது, ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இரண்டு தரமாவது தம் எடையைப் பார்த்து வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கையாக வேண்டும். சென்ற வருஷத்தைவிட இரண்டு கிலோ ஏறினால் அந்த வருஷமே இறக்க வேண்டும்; இருபது ஏறும் வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, முப்பது வயதானவர்கள் எல்லாரும் வருஷம் ஒரு தரம் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். போடி அரசாங்க ஆஸ்பத்திரியிலும், க.விலக்கிலுள்ள தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இதற்குக் காசு இல்லை. காப்பியும் புகையிலையும் அரைமணி நேரத்துக்கு முன்பே நிறுத்தி, ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்திருந்து பிறகு பார்க்க வேண்டும். ஒரு தரம் அதிகமாயிருந்தால் பயந்து விடாமல் இன்னொரு நாளும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஏலக்காய் வியாபாரிகள் சங்கத்தாரும் தோட்ட முதலாளிகளும் காய்க்குத் தராசு வைத்திருக்கிற ஒவ்வொரு இடத்திலும் மனிதருக்கும் ஒரு தராசும் ஒரு அழுத்தக் கருவியும் வைக்க வேண்டும். ஒரு மூட்டை ஏலக்காயின் விலையில் இவை பல வாங்கலாம். ஜீப் நிற்கும் இடங்களில் சாயங்கால வேளையில் சர்க்கார் ஊழியர் வந்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் கேரள சர்க்காரும் இந்தப் பக்கம் தமிழ்நாட்டு சர்க்காரும் "இவள் எங்கள் கணக்கில் இல்லை" என்று சொல்லிக் கொள்ளாமல் ஒரே சீட்டை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்காவது, உப்பை ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, அடக்க வேண்டும். இலையில் சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பயறையும் கூட்ட வேண்டும். கலியாணம், காதுகுத்து, கருமாதி என்று மூன்று நாள் விருந்து போடும் வழக்கத்தை நிறுத்தினால் கடனும் குறையும், எடையும் குறையும். சுயமரியாதைத் திருமணம் நடத்துகிற தோழர்கள் இதில் வழிகாட்ட வேண்டும்.

ஐந்தாவது, ஆணும் பெண்ணும் நடக்க வேண்டும். வீட்டு வேலையை ஆணும் பங்கிட்டுச் செய்தால் அவனுக்கு உழைப்பும் அவளுக்கு ஓய்வு நேரமும் கிடைக்கும். அந்த நேரத்தில் அவள் தெருவில் நடந்தால் அதைக் கேட்க எவனுக்கும் உரிமையில்லை என்று ஊரில் நாலு பேராவது சொல்ல வேண்டும்.

தோழர்களே! கடவுள் விட்ட வழி என்று சும்மாயிருப்பதற்கு இது கடவுள் சங்கதி அல்ல, கிலோ சங்கதி. பரிகாரத்துக்குக் கொடுக்கிற காசில் பத்தில் ஒரு பங்கைத் தராசுக்குக் கொடுத்தால் போதும். தராசுக்குப் பூசை வேண்டாம், தட்சணை வேண்டாம், ஜாதி வேண்டாம். அதன் மேல் ஏறி நிற்கிற முதலாளிக்கும் கூலிக்காரிக்கும் அது ஒரே மாதிரி உண்மையைச் சொல்லும். அந்த உண்மையைக் கேட்டுக்கொண்டு நடப்பதுதான் அறிவுள்ள மனிதருக்கு அழகு என்பது நமது அபிப்பிராயம்.